கரைமேல் நடந்தவர்கள்

கோயிலை ஒட்டி ஒரு கல்வெட்டு நின்றால் அதில் என்ன இருக்கும் என்று தமிழ்நாட்டுக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. யார் நிலம் விட்டார், விளக்கெரிக்க எத்தனை ஆடு கொடுத்தார், ஏரிக்கரையை யார் உயர்த்தினார் என்று இருக்கும். ராஜஸ்தானின் பரத்பூரில், கேவலாதேவ் என்ற சிறிய சிவன் கோயிலுக்கு அருகே நிற்கும் கல்லிலும் கணக்குதான் இருக்கிறது. தேதி, வந்த விருந்தாளி, துப்பாக்கிகள் எத்தனை, விழுந்த பறவைகள் எத்தனை.

முதல் வரி 1902ஆம் ஆண்டுக்கானது. வைசிராய் கர்சன் பிரபுவுக்காக நடந்த வேட்டை. 17 துப்பாக்கிகள், 540 பறவைகள். அதற்குப் பிறகு எண்கள் வேகமாக ஏறுகின்றன. 1914இல் ஹார்டிஞ்ச் பிரபு வந்தபோது 4,062. 1916இல் செம்ஸ்ஃபோர்டு பிரபுவுக்கு 4,206. உச்சம் 1938 நவம்பர் 12. அன்று லின்லித்கோ பிரபுவின் கூட்டத்தில் 39 துப்பாக்கிகள். மதியச் சாப்பாட்டுக்கு முன் 3,044 பறவைகள், சாப்பிட்டு எழுந்தபின் 1,229; ஆக மொத்தம் 4,273. ஆளுக்குச் சராசரி 110. உணவுக்காகச் சுட்டது என்று சொல்ல வாய் வராத எண் இது.

இன்று அந்தக் கல்லைப் படிப்பவர்கள் கழுத்தில் இருகண்ணோக்கி தொங்க நடந்து வந்தவர்கள். அல்லது வாசலில் வாடகைக்கு எடுத்த சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு வந்தவர்கள். கேவலாதேவ் தேசியப் பூங்கா 28.73 சதுர கிலோமீட்டர்தான். தேசியப் பூங்கா என்ற பெயருக்கு இது மிகச் சின்ன இடம். உள்ளே மலை இல்லை, மேடு இல்லை, மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் ஒன்றுகூட இல்லை. ஒரு முனையில் நின்றால் பாதை நேராகப் போய்ப் புள்ளியாகி மறைவது தெரியும். இரண்டு பக்கமும் தண்ணீர். நடுவே ஓராள் உயரம்கூட இல்லாத மண்கரை. கரையின்மேல் கருவேல நிழல். பூங்காவின் உள்பகுதியில் பயணிகளின் மோட்டார் வண்டி ஓடுவதில்லை. நடை, சைக்கிள், ரிக்‌ஷா, இவ்வளவுதான். நாளெல்லாம் சுற்றினாலும் கால் வலிக்குமே தவிர நெஞ்சு படபடக்காது.

இவ்வளவு வசதியாக நடக்கும்படி இந்தக் கரைகளைப் போட்டது யார் என்று கேட்டால் பதில் மறுபடியும் அந்தக் கல்லுக்கே வந்து நிற்கும். பறவை பார்ப்பவர்களுக்காக இங்கே யாரும் கரை போடவில்லை.

பரத்பூர் மண்ணால் பெயர் வாங்கிய ஊர். அதன் லோகாகட் கோட்டைக்கு வெளியே எழுப்பிய மண்மதில்கள் பீரங்கிக் குண்டுகளை விழுங்கின. 1805இல் பிரிட்டிஷ் தளபதி லேக் நான்கு முறை மோதியும் கோட்டை விழவில்லை. அந்தக் கோட்டையைக் கட்டிய ஜாட் மன்னர் சூரஜ்மல்தான், 18ஆம் நூற்றாண்டில், கம்பீரி, பாணகங்கை என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் அஜான் அணைக்கரையையும் எழுப்பினார். மழைக்கால வெள்ளத்திலிருந்து ஊரைக் காப்பது ஒரு நோக்கம். நீரைத் தேக்குவது இன்னொன்று. ஊருக்குத் தென்கிழக்கே இயற்கையாகவே ஒரு பள்ளம் உண்டு. மழை கொட்டினால் அது நிரம்பும், கோடையில் வெடித்துக் கிடக்கும். மரமும் புதரும் அடர்ந்திருந்ததால் அந்தப் பக்கத்தை ‘கனா’ என்றார்கள். அடர்ந்தது என்று பொருள். உள்ளூரில் இன்றும் பூங்காவுக்கு அதுதான் பெயர்.

அந்தப் பள்ளத்தை வாத்துச் சதுப்பாக மாற்றும் யோசனை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தது. குஜராத்தின் மோர்வி சமஸ்தானத்து இளவரசர் ஹர்பாம்ஜி அப்போது பரத்பூரின் நிர்வாகத்தில் இருந்தார். இங்கிலாந்தில் வாத்து வேட்டையைப் பார்த்துத் திரும்பிய அவருக்கு இங்கும் ஒன்று அமைக்கலாம் என்று தோன்றியது. அஜான் தேக்கத்திலிருந்து வாய்க்கால் வெட்டினார்கள். பள்ளத்தைச் சிறுசிறு பாத்திகளாகப் பிரித்துக் கரை போட்டார்கள். ஒவ்வொரு பாத்திக்கும் மதகு வைத்தார்கள். எந்தப் பாத்தியில் எத்தனை அடி நீர் நிற்க வேண்டும் என்பது மதகுப் பலகையைத் தூக்குபவர் கையில் வந்தது. நெல்வயலுக்கு நீர் பாய்ச்சும் அதே வித்தைதான், விளைச்சல் மட்டும் வேறு. விருந்தாளிகளை அவரவர் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கரைகளின்மேல் பாதை போட்டார்கள். இன்று சைக்கிள் ஓடுவது அந்தப் பாதை வலையின்மேல்தான்.

கணக்கு பிசகவில்லை. வடக்கே சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் ஏரிகள் உறையத் தொடங்கும்போது ஊசிவால் வாத்தும் கிளுவையும் தட்டைவாயனும் இமயத்தைத் தாண்டித் தெற்கே இறங்குகின்றன. பட்டைத்தலை வாத்தும் வருகிறது. வழியெல்லாம் வறண்ட சமவெளி. அதில் முழங்கால் ஆழத்துக்கு நீர் நிரம்பிய ஒரு தட்டு. அவை இறங்காமல் எங்கே போகும்? சுடும்போது எழுந்தாலும் சுற்றிவிட்டு மறுபடி இங்கேதான் வர வேண்டும். ஒரே நாளில் நாலாயிரம் விழுந்ததற்குத் துப்பாக்கிக்காரர்களின் குறி மட்டும் காரணமில்லை.

இதே இந்தியாவில் இன்னொரு வழக்கமும் இருந்ததைத் தமிழ் வாசகர் நினைத்துக்கொள்ளலாம். வேடந்தாங்கல் ஏரியில் பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்று அறிந்திருந்த ஊரார், அங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேசிடம் உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். அது ஊர் ஏரி. பரத்பூரின் கனா ராஜாவின் சொத்து. ஊராரின் எருமைகள் அங்கே மேயலாம், பறவை ராஜாவின் விருந்தாளிக்கு. இந்த ஏற்பாட்டில் எருமைக்கு என்ன பங்கு இருந்தது என்பது எண்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

1947 வந்தது. சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் கரைந்தது. ஒரு ராஜா வாத்து சுடுவதற்காக இத்தனை தண்ணீரை நிறுத்தி வைக்க வேண்டுமா, அதைப் பாசனத்துக்கு விட்டு நிலத்தைப் பிரித்துக் கொடுத்தால் என்ன என்று குரல் எழுந்தது. பசித்த நாட்டில் அது நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்கு எதிரே போய் நின்றவர் சாலிம் அலி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பறவை அறிஞர். இளமையில் தாமும் துப்பாக்கி பிடித்தவர். விஷயத்தை அவர் நேருவிடம் கொண்டுபோனார். கனா பிழைத்தது. 1956இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் மகாராஜாவின் சுடும் உரிமை மட்டும் கையைவிட்டுப் போகவில்லை. சரணாலயத்துக்குள்ளேயே வேட்டை என்ற விசித்திரம் தொடர்ந்தது. கடைசிப் பெரிய வேட்டை 1964இல் நடந்தது. உரிமை முற்றிலும் முடிந்தது 1972இல்.

ஒரு சங்கடமான உண்மையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வேட்டைக்காரர்கள் இந்தச் சதுப்பை உண்டாக்கிக் காவல் காத்திருக்காவிட்டால், சாலிம் அலி காப்பாற்றுவதற்கு இங்கே ஒன்றும் இருந்திருக்காது. சுற்றிலும் இருந்த எத்தனையோ தாழ்நிலங்கள் சத்தமில்லாமல் வயலாகிவிட்டன.

வேட்டை ஓய்ந்துவந்த காலத்தில் கரைமேல் வேறொரு கூட்டம் நடக்கத் தொடங்கியது. இவர்கள் கையில் வலை. பறவையை உயிரோடு பிடித்து, காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி, விட்டுவிடுவது இவர்கள் வேலை. 1957இல் கர்நாடகத்தில் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் வெடித்தபோது, வலசைப் பறவைகள் நோய்க் கிருமிகளைச் சுமந்து வருகின்றனவா என்ற சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு பம்பாய்க் கழகம் பெரிய அளவில் வளையமிடத் தொடங்கியது. பரத்பூர் அதன் முக்கிய முகாம்களில் ஒன்று. பறவை கிடைத்தால் பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி வளையத்திலேயே எழுதியிருந்தது. வலை வீச முனைவர் பட்டம் உதவாது. அதற்குப் பீகாரிலிருந்து மீர்ஷிகார்களை வரவழைத்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்ற சமூகம் அது. எந்த வாத்து எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நீந்தும் என்பது அவர்களுக்கு விரல்நுனியில் இருந்தது. இங்கே வளையம் மாட்டிய வாத்துகள் சோவியத் நாட்டின் ஏரிகளில் அகப்பட்டபோது, வரைபடத்தில் கோடுகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின.

1981இல் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலம் என்ற தகுதி கிடைத்தது. அடுத்த ஆண்டு தேசியப் பூங்கா, 1985இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். அதற்குள் சுற்றிலும் இரண்டு மீட்டர் உயர மதிலும் எழும்பிவிட்டது. மூன்றே வரியில் சொல்லிவிடக்கூடிய இந்தப் பட்டியலுக்கு நடுவில்தான் பரத்பூரின் மிகக் கசப்பான நாள்கள் இருக்கின்றன.

தேசியப் பூங்கா என்றால் சட்டப்படி உள்ளே மேய்ச்சல் கூடாது. 1982இல் எருமைகளுக்கு வாசல் அடைபட்டது. சுற்றுக் கிராமங்களுக்கு மாற்றுப் புல்வெளி எதுவும் காட்டவில்லை. தாத்தா காலத்திலிருந்து ஓட்டிப்போன வழியில் மதில். ஆத்திரம் மூண்டது, மோதல் நடந்தது, போலீஸ் சுட்டதில் கிராமத்தார் சிலர் உயிரிழந்தனர். வாத்து விழுந்த கணக்குக்குக் கல் நட்ட இடத்தில் இந்தக் கணக்குக்குக் கல் இல்லை.

தடை நிலைத்தது. எருமை போனால் பறவை பெருகும் என்பது அன்றைய பொதுக் கருத்து; சாலிம் அலிக்கும் அதில் உடன்பாடு. அதைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு ஏற்கெனவே உள்ளே நடந்துகொண்டிருந்தது. பம்பாய்க் கழகத்துக்காக வி. எஸ். விஜயன் தலைமையிலான குழு 1980இலிருந்து பத்து ஆண்டுகள் அங்கே தங்கி, நீரையும் புல்லையும் மீனையும் பறவையையும் எண்ணியது. கிடைத்த விடை எல்லோர் எதிர்பார்ப்பையும் கவிழ்த்தது. எருமை வெளியேறியதும் பாஸ்பாலம் டிஸ்டிகம் என்ற ஒரு புல் கட்டுக்கடங்காமல் படர்ந்தது. நம் வரகுக்கு அது ஒன்றுவிட்ட உறவு. தரையிலும் வளரும், நீரிலும் மிதந்து படரும். நீர்ப்பரப்பை அது பாய் விரித்தது போல மூடியது. வாத்து இறங்கத் திறந்த நீர் குறைந்தது. மீன் குறைந்தது. கிழங்கு தோண்டும் பறவைகளுக்கு அலகு நுழைக்க இடமில்லை. இத்தனை காலமும் அந்தப் புல்லை மேய்ந்து, மிதித்து, சேற்றில் புரண்டு நீரைத் திறந்து வைத்திருந்தது எருமைதான்.

அளவோடு மேய்ச்சல் இருக்கட்டும் என்று ஆய்வு பரிந்துரைத்தது. சட்டம் இடம் கொடுக்கவில்லை. இடைவழியாகக் கிராமத்தார் உள்ளே வந்து புல் அறுத்துக் கட்டித் தலையில் தூக்கிப்போக அனுமதி தந்தார்கள். எருமை வாயால் செய்த வேலையைப் பெண்கள் அரிவாளால் செய்தார்கள். பாதுகாப்புக்கு மனிதனையும் மாட்டையும் வெளியே தள்ளினால் போதும் என்று நம்பியவர்களுக்கு பரத்பூர் ஒரு பாடமாகி, உலகெங்கும் சூழலியல் வகுப்புகளில் எடுத்துக்காட்டானது. விஜயன் பின்னர் கோவை ஆனைகட்டியில், சாலிம் அலியின் பெயரிலேயே அமைந்த பறவையியல், இயற்கை ஆய்வு மையத்தின் நிறுவனர் இயக்குநரானார்.

பரத்பூரின் புகழுக்குப் பெரும் காரணமாக இருந்த பறவை அப்போதே விடைபெறத் தொடங்கியிருந்தது. சைபீரியப் பெருங்கொக்கு: தூய வெள்ளை உடல், சிவந்த முகம், பறக்கும்போது மட்டும் தெரியும் கறுப்பு இறகு நுனி. மேற்குச் சைபீரியாவில் ஓப் ஆற்றுப் படுகையிலிருந்து ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து இந்தச் சின்னப் பள்ளத்துக்கு வரும். ஆழமில்லாத நீரில் தலையை அமிழ்த்தி, கோரைக்கிழங்கைத் தோண்டித் தின்னும். 1964-65 குளிர்காலத்தில் சுமார் 200 பறவைகள் இங்கே இருந்தன. 1970களில் ரான் சாவி என்ற அமெரிக்க இளைஞர் இவற்றின் பின்னாலேயே நடந்து ஆய்வு செய்தார். சர்வதேசக் கொக்கு அறக்கட்டளையை நிறுவிய இருவரில் ஒருவர் அவர். எண்ணிக்கை ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே வந்தது. ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும் வலசைப் பாதையில் இருந்தன. அங்கே வேட்டையும் போரும். 1990களின் முற்பகுதியில், கூண்டில் வளர்த்த குஞ்சுகளைக் கொண்டுவந்து, காட்டுக் கொக்குகளோடு சேர்ந்து வழி கற்றுக்கொள்ளட்டும் என்று இங்கே விட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. 2001-02 குளிர்காலத்தில் ஒரே ஒரு சோடி வந்தது. அடுத்த ஆண்டு அதுவும் இல்லை.

துப்பாக்கிக் கல்லில் சுட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. கொக்கு நின்றுபோனதற்கு அப்படி ஒரு பெயரைக் காட்ட முடியாது.

அடுத்த அடி தண்ணீரில் விழுந்தது. பூங்கா ஓராண்டு நன்றாக இருக்கக் குறைந்தது 55 கோடி கன அடி நீர் வேண்டும் என்பது கணக்கு. அது கம்பீரி ஆற்றில் வந்து அஜான் கரையில் தங்கி உள்ளே இறங்க வேண்டும். மேலே கரௌலி மாவட்டத்தில் அதே ஆற்றின்மேல் பாஞ்சனா அணை எழுந்தது. 2004இல் மழை பொய்த்தபோது அணை நீர் தங்களுக்கே என்று அங்குள்ள விவசாயிகள் போராடினார்கள். பூங்காவுக்கு நீர் வரவில்லை. அடுத்த சில ஆண்டுகளும் அப்படியே. காவிரிக் கடைமடையில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டாம். மேல்மடைக்காரனும் பொய் சொல்வதில்லை, கீழ்மடைக்காரனும் பொய் சொல்வதில்லை. இங்கே கடைமடையில் இருந்தவை பறவைகள். அவற்றால் மறியல் செய்ய முடியாது.

நீர் வற்றிய சேற்றில் சீமைக்கருவேலம் நுழைந்தது. ராமநாதபுரத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லக்கூடிய அதே மரம். இதை ஒழிக்க வனத்துறை பழைய பகையாளிகளிடமே போனது. சுற்றுக் கிராமத்துக் குடும்பங்கள் உள்ளே வந்து வேரோடு தோண்டி எடுத்து, விறகைத் தாங்களே கொண்டுபோகலாம் என்று ஏற்பாடு. மதிலுக்கு வெளியே நிறுத்தியவர்களை மதிலுக்குள் கூப்பிட்டு வேலை கொடுத்த நாள் அது. பறவைக்கும் அடுப்புக்கும் ஒரே நேரத்தில் பயன்.

தண்ணீருக்கும் மாற்று வழி தேடினார்கள். சம்பல் ஆற்றிலிருந்து குழாயில் கொஞ்சம். கோவர்தன் வடிகாலின் வெள்ள நீர் 2012வாக்கில் வரத் தொடங்கியது. சதுப்பு மறுபடி நனைந்தது. ஆனால் குழாய் நீருக்கும் ஆற்று வெள்ளத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கம்பீரியில் புதுவெள்ளம் வரும்போது லட்சக்கணக்கில் மீன்குஞ்சுகளும் சேர்ந்து வரும். மஞ்சள்மூக்கு நாரையும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் ஆகஸ்டில் கூடு கட்டுவது இந்தக் குஞ்சுகளை நம்பித்தான். வடிகட்டி வரும் நீரில் தாகம் தீரும், கூட்டில் வாய் பிளந்திருக்கும் குஞ்சின் பசி தீராது.

இப்போது கரைமேல் நடப்பவர்களில் நிரந்தரமானவர்கள் ரிக்‌ஷாக்காரர்கள். ஊரில் பயணிகளை இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு வனத்துறை பறவை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்து, உள்ளே ஓட்ட உரிமமும் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்காராத ஒருவர் வண்டியை நிறுத்தி, கருவேல மரத்தின் பொந்தில் உறங்கும் புள்ளி ஆந்தையைக் கைநீட்டிக் காட்டி, அதன் ஆங்கிலப் பெயரையும் சொல்லி, வண்டியில் செருகிய இருகண்ணோக்கியையும் எடுத்துக் கொடுப்பார். பறவை பார்ப்பதற்கு இந்த வண்டியைவிடத் தோதான வாகனம் இன்னும் வரவில்லை என்றே சொல்லலாம். உயரமான இருக்கை, சத்தம் இல்லை, நினைத்த இடத்தில் நிற்கும்.

டிசம்பர் காலைகளில் பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அப்போது நடப்பவர்கள் காதால்தான் பார்க்க வேண்டும். வாத்துகளின் முணுமுணுப்பு, சாரசக் கொக்குச் சோடி சேர்ந்து எழுப்பும் எக்காளம், நீல்காய் தண்ணீரில் இறங்கும் சளசளப்பு. வெயில் ஏறியபின் நீர்ப்பாத்திகளை விட்டு விலகி, உகாவும் இலந்தையும் வளர்ந்த காய்ந்த பகுதிக்குப் போவார்கள். அங்கே முள்ளம்பன்றிகள் தோண்டிய வளைகள் உண்டு. குளிர்காலத்தில் அந்த வளைகளில் மலைப்பாம்புகள் குடியிருக்கும். உடம்பில் சூடேற்றிக்கொள்ள வெயிலுக்கு வெளியே வந்து சுருண்டு கிடக்கும். பின்னாளில் கோவை மையத்தில் பணியாற்றிய எஸ். பூபதி 1980களில் விஜயனோடு சேர்ந்து இந்தப் பாம்புகளைத்தான் ஆராய்ந்தார். வளையைத் தோண்டியது ஒன்று, குடியிருப்பது இன்னொன்று. சில வளைகளில் இரண்டுமே ஒன்றாக இருக்கும். நடப்பவர்கள் சற்றுத் தள்ளியே நிற்கிறார்கள். காலடி அதிர்ந்தால் பாம்பு, அவசரம் ஏதும் இல்லாமல், வால் கடைசியாக மறையும்படி உள்ளே போய்விடும்.